காசியில் விட்ட பழம்

மே 6

அம்மா பீச் பழத்தைக் காசியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

போனது பிப்ரவரியில். அப்பாவுக்குக் கயாவில் பிண்டம் வைக்க. அம்மா, முகுந்தன் அண்ணன், தனபாக்கியம் அத்தை, மூன்று பேர். இப்போது மே. இத்தனை நாளாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

காலையில் கொடைக்கானல் வந்து இறங்கினேன். பெட்டியை முன்னறையில் போட்டுவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். அப்பா வைத்த மூன்று மரமும் காய்த்துத் தொங்குகின்றன. ஒரு பக்கம் சிவந்து, காம்பருகே இன்னும் பச்சை விலகாத பழம். தொட்டதும் கையோடு வந்தது. கழுவி, நறுக்கி, தட்டில் வைத்து அம்மாவிடம் நீட்டினேன்.

"நீ தின்னு. நான் விட்டுட்டேன்."

"எதை?"

"இதத்தான். காசில."

எல்லோரும் காசி என்றுதான் சொல்கிறார்கள். நடப்பது கயாவில். பிண்டம் வைத்து முடித்ததும் ஒரு காயும் ஒரு பழமும் விட வேண்டும். அன்றோடு சரி, சாகும்வரை வாயில் வைக்கக் கூடாது. மிகப் பிடித்ததை விட வேண்டும் என்பது சாஸ்திரம். எல்லோரும் விடுவது பிடிக்காததை. அண்ணன் பாகற்காயையும் அத்திப்பழத்தையும் விட்டிருக்கிறான். இரண்டையும் அவன் தின்று நான் பார்த்ததே இல்லை. அத்தை விட்டது பலாப்பழம். சர்க்கரை நோய்க்காக டாக்டர் ஏற்கெனவே நிறுத்திவிட்ட பழம்.

அம்மா மட்டும் நேர்மையாக இருந்திருக்கிறாள். மூன்று பீச் மரம் நிற்கிற வீட்டில் இருந்துகொண்டு.

தட்டு மேஜையிலேயே கிடந்தது. துண்டுகள் பழுப்பேறிவிட்டன. நானும் தின்னவில்லை.

மே 7

அண்ணனுக்கு மதுரைக்குப் போன் செய்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்து அம்மாவ என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சோம்? அவங்களாத்தான் சொன்னாங்க. தமிழ் தெரிஞ்ச ஐயர் ஒருத்தர் இருந்தாரு. என்னம்மா விடுறீங்கன்னாரு. பட்டுன்னு சொல்லிட்டாங்க."

"யோசிக்கவே இல்லையா?"

"ஒரு செகண்டு கூட இல்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அத்தை அழுதுட்டாங்க."

"நீ தடுத்திருக்கலாம்ல?"

"நீ வந்திருந்தா நீ தடுத்திருக்கலாம்."

போனை வைத்துவிட்டேன். நான் ஏன் போகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆற்றங்கரையில் மாவு உருண்டை வைத்தால் அப்பாவின் பசி தீரும் என்று நான் நம்பவில்லை. அதை அப்போதே சொல்லிவிட்டேன். ஹைதராபாத்தில் என் அறையில் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். கட்டுரை முடியவில்லை. அது வேறு விஷயம்.

மே 9

தனபாக்கியம் அத்தை திண்டுக்கல்லிலிருந்து வந்தாள். அப்பாவின் அக்கா. இரண்டு பெரிய கட்டைப்பை, இரண்டும் காலி.

"பாருடி லோசனி, ஒங்கம்மாவ. புருஷன் உசிரா வளத்த பழம். அதையே விட்டா பாரு! ஊர்ல எவ செய்வா? ஏந் தம்பி குடுத்து வச்சவன்."

அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏன் சௌந்தரம், இந்தத் தடவ ஜாம் போடலயா? போன வருஷத்து பாட்டில் ஆனியிலயே காலி."

"விட்டுட்டேன்ல மதினி."

"திங்கத்தான கூடாது? கிண்டக் கூடாதா?"

"தொட்டா நாக்கு கேக்கும். தெய்வக் குத்தம் ஆயிரும்."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு பையையும் நிரப்பிக்கொண்டு போனாள். பறித்துப் போட்டது நான். கைக்கு எட்டுகிற நல்ல பழம் எல்லாம் போயிற்று.

எனக்கு யார் மேல் கோபம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அத்தை மேல், கேள்வி கேட்ட ஐயர் மேல், தியாகம் என்ற சொல் மேல். பொம்பளை எதையாவது விட்டால் உடனே வாசலில் பந்தல் போட்டுவிடுகிறார்கள்.

மே 10

அப்பா இருந்தபோது இதே மாதம் இந்த வீடு எப்படி இருக்கும். கீழே அப்பா வேலை பார்த்த மின்வாரிய ஆபீசிலிருந்து ஆட்கள், டாக்டர் குடும்பம், மதுரையிலிருந்து யாராவது. முன்னறையில் நாற்காலி போதாது. அப்பா தோட்டத்திலிருந்து பழத்தோடு வருவார். முதல் துண்டு அம்மாவுக்குத்தான். எல்லோர் முன்னாலும் அவள் வாயில் ஊட்டிவிடுவார். "எப்படி இருக்கு? சொல்லு, சொல்லு." அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "தேனாட்டம் இருக்கு" என்பாள். எல்லோரும் கை தட்டுவார்கள்.

அந்த வயதில் அப்படி ஒரு ஆணை எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாயைத்தான் இப்போது சாஸ்திரம் சொல்லி மூடியிருக்கிறார்கள்.

முடிவு செய்துவிட்டேன். நான் ஹைதராபாத் திரும்புவதற்குள் அம்மா ஒரு வாய் பீச் சாப்பிடுவாள். ஒரே ஒரு வாய்.

மே 11

துண்டு போட்டு நீட்டினால் வேலைக்கு ஆகாது. பார்த்தவுடன் விரதம் ஞாபகம் வரும். பழமாகத் தெரியாத பழம் வேண்டும்.

சோர்பே. ஹைதராபாத்தில் ஒருமுறை தோழியின் வீட்டில் சாப்பிட்டது. பால் கிடையாது, கிரீம் கிடையாது. பழம், சர்க்கரை, எலுமிச்சை, குளிர். அவ்வளவுதான்.

கொதிக்கிற தண்ணீரில் பழத்தைப் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினேன். தோல் சட்டை மாதிரி கழன்று வந்தது. கொட்டையை நீக்கி மிக்ஸியில் அடித்தேன். பாகு காய்ச்சி ஊற்றினேன். சர்க்கரை குறைவாகவே போட்டேன், பழத்தின் ருசி முன்னால் நிற்கட்டும் என்று. எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன்.

மாலையில் எடுத்தால் பாறை. கரண்டி வளைந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, அம்மிக்கல்லா?"

"பழ ஐஸ்."

"ஒடைக்கிறதுக்கு ஆளு கூப்பிடவா?"

அவளுக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கட்டும்.

மே 12

மறுபடி பாறை.

மே 14

சர்க்கரைதான் பிழை. குறைத்தால் தண்ணீர் தனியாக உறைந்து கல்லாகிவிடுகிறது. கூட்டினால் உறையவே மாட்டேன் என்கிறது. நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு முட்டை போதும். கழுவிய முட்டையைக் கூழில் விட வேண்டும். மூழ்கினால் சர்க்கரை போதாது. மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓடு தெரிய மிதந்தால் சரி.

"ஐஸுக்கு முட்டையா?"

"முட்டை உள்ள போகாதும்மா. சும்மா மிதந்து பாத்துட்டு வந்துரும்."

"நல்ல வேலைதான் அதுக்கு."

இன்னொன்றும் வேண்டும். கொஞ்சம் சாராயம் இருந்தால் இறுகாது. அப்பாவின் அலமாரியில் பிராந்தி பாதி பாட்டில் அப்படியே இருக்கிறது. இரண்டு கரண்டி ஊற்றினேன்.

"அவரு போயும் பாட்டில் போகல," என்றாள் அம்மா. அப்படிச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தட்டின் ஓரம் உறைய ஆரம்பித்ததும் எடுத்து முள்கரண்டியால் சுரண்டி, கலந்து, திரும்ப வைத்தேன். மறுபடி எடுத்துச் சுரண்டினேன். உறைய விடாமல் தொந்தரவு செய்துகொண்டே இருக்க வேண்டும். அதுதான் மொத்த வித்தையும். கடைசியில் ஈர மணல் மாதிரி வந்தது. கரண்டி சத்தமில்லாமல் இறங்கியது. வாயில் வைத்தேன். பழம் வாய்க்குள் ஒருமுறை விழித்துக்கொண்டு கரைந்துபோயிற்று.

கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னது, குச்சி இல்லாத குச்சி ஐஸா?"

"ஒனக்காகத்தான் செஞ்சேன்."

"நான் கேட்டனா?"

"ஒரு வாய்மா."

"விட்டுட்டேன்னு சொல்றேன்ல."

"அப்பா குடுத்திருந்தா சாப்பிட்டிருப்ப."

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா. சாப்பிட்டிருப்பேன்."

அவளே ஒப்புக்கொள்கிறாள். விரதம் கடவுளுக்காக இல்லை, அப்பாவுக்காக. அப்பா இல்லாத பழம் அவளுக்கு வேண்டாம். இதை எப்படி உடைப்பது என்று யோசிக்க வேண்டும்.

மே 16

மதியம் இடி, மழை. கரண்டு போய்விட்டது. மிச்சமிருந்த சோர்பே முழுக்க உருகி ஃப்ரீசரிலிருந்து வடிந்து தரையில் பிசுபிசுத்தது. எறும்பு. துடைத்துக்கொண்டே பேசினேன். பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டேன்.

விதவை என்றால் எதையாவது இழந்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். பூவையும் பொட்டையும் எடுக்க நான் விடவில்லை, அதனால் வேறு வழியில் வந்திருக்கிறார்கள் என்றேன். உடலை, ருசியை, ஆசையைக் கட்டுப்படுத்துகிற ஒரு ஏற்பாடு என்றேன். அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"முடிஞ்சிருச்சா?"

"ஒனக்காகத்தான் பேசுறேன்."

"இத ஒங்க காலேஜ்ல பேசு. நல்லாருக்கு. கைதட்டுவாங்க." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். "எறும்பு அந்தப் பக்கமும் போகுது பாரு. தொட."

மே 18

அம்மாவின் மேல்தான் எனக்குக் கோபம். இதை எழுதிவிட வேண்டும்.

பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்த வருஷம். அந்த வருஷம் முதல் பழம் சீக்கிரமே வந்துவிட்டது. மேஜை விளக்கில் நான் உட்கார்ந்திருப்பேன். அப்பா சத்தம் போடாமல் கதவைத் திறந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட்டுப் போவார். உள்ளே பீச் பழத்தை உறைய வைத்து அரைத்தது. சோர்பே என்ற பெயரெல்லாம் அப்போது தெரியாது. தலையில் கை வைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

எனக்கு மிச்சமிருக்கிற அப்பா அதுதான். அந்த டம்ளரின் குளிர். அந்தப் பழத்தை விட்டேன் என்று ஒருத்தி ஆற்றங்கரையில் நின்று, ஒரு செகண்டு கூட யோசிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

யோசிக்காமல்.

மே 20

பெரியகுளத்திலிருந்து வந்த மாம்பழம் கடைவீதியில் குவிந்து கிடக்கிறது. வாங்கி வந்தேன்.

மே 21

மாம்பழச் சோர்பே. மாம்பழத்தைப் பிழிந்து வடிகட்டினேன். அதில் பாதிக்குப் பாதி பீச். நிறம் ஒத்துப்போனது. எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டினேன், பீச்சின் வாசனை அமுங்கட்டும் என்று. முட்டை சரியாக மிதந்தது. தப்பு செய்கிறேன் என்று தோன்றவில்லை. விடுவிக்கிறேன் என்று தோன்றியது.

சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன்.

"என்ன பழம்?"

"மாம்பழம்."

அம்மா நம்பினாள். என்னை நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இல்லை. முதல் கரண்டி. "ம்" என்றாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கரண்டி. பாதியில் நிறுத்தினாள். கரண்டியை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எழுந்து பின்பக்கம் போய்க் குழாயில் வாய் கொப்பளித்தாள். திரும்பத் திரும்ப. தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் போய் நின்றேன்.

"அம்மா, ஒண்ணும் ஆகாது. தெய்வக் குத்தம் அது இதுன்னு..."

"தெய்வத்த யாரு கேட்டா?"

அந்தக் குரலை நான் அறிந்ததில்லை. முகத்தைத் துடைக்கவில்லை. தாடையில் தண்ணீர் சொட்டியது.

"எனக்கு இந்தப் பழம் பிடிக்காதுடி."

"என்னது?"

"பிடிக்காது. அந்த வாசன பிடிக்காது, அந்தக் கொழகொழப்பு பிடிக்காது. என்னைக்குமே பிடிச்சதில்ல."

"தேனாட்டம் இருக்குன்னு சொல்லுவ."

"வேற என்னடி சொல்றது? அத்தன பேரு சுத்தி ஒக்காந்து வாயவே பாத்துக்கிட்டு இருப்பாங்க. இவரு வெரல வாய்க்குள்ள விட்டுட்டு சொல்லு சொல்லும்பாரு. கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு தடவ வேணாம்னு சொன்னேன். மாமியா வீட்டுக்காரங்க எல்லாம் இருந்தாங்க. சிரிச்சுக்கிட்டே தட்டக் கொண்டுபோயி வச்சுட்டாரு. அப்புறம் அந்தப் பழம் முடியிற வரைக்கும் என்கிட்டப் பேசல. எது வேணும்னாலும் வேணாங்கலாம் அவர்கிட்ட. சேலை வேணாம், நகை வேணாம், எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவர் மரத்துப் பழத்த மட்டும் சொல்லக் கூடாது."

"அப்பா ஆசையாத்தான்..."

"ஆசைதான். யாரு இல்லன்னா?" ரவிக்கைக் கையை மேலே தள்ளி முழங்கையைக் காட்டினாள். "இங்க பாரு. இந்த வருஷம் எப்படி இருக்கு பாரு. ஒரு தடிப்பு இல்ல. ஒவ்வொரு மே மாசமும் இந்தப் பழத்துச் சுணை பட்டுப் பட்டு கை ரெண்டும் வெந்து போயிக் கெடக்கும். ராத்திரி சொறிஞ்சுக்கிட்டே படுத்திருப்பேன். ஆபீசருக்கு ஜாம், டாக்டருக்கு ஜாம், ஒங்கத்தைக்கு ரெண்டு பை. தோலுரிச்சது யாரு? அவரு பேரு, அவரு பழம். குடுத்தது அவரு. எல்லாரும் அவரத்தான் கும்பிட்டுட்டுப் போனாங்க."

எனக்கும் டம்ளரில் வந்ததே என்று சொன்னேன். பரீட்சைக்குப் படிக்கும்போது. அப்பா கொண்டுவந்து வைப்பாரே.

அம்மா என்னை ஒருமாதிரி பார்த்தாள். "கொண்டுவந்து வச்சது அவரு. ஆட்டுக்கல்லு மாதிரி இருந்தத இடிச்சு அரைச்சது யாருன்னு நெனச்ச?"

நான் குழாயை இறுக்கி மூடினேன்.

"காசில அந்த ஐயர் எதிர வந்து ஒக்காந்தாரு. என்னம்மா வேணாங்குறீங்கன்னு கேட்டாரு. ஏண்டி, இந்த வயசுக்கு மொத மொத ஒரு மனுஷன் எங்கிட்ட வந்து ஒனக்கு என்ன வேணாம்னு கேட்டிருக்கான். நான் யோசிக்கணுமா? வாயி தானாச் சொல்லிருச்சு. ஒங்கத்தை அழுவுறா, ஒங்கண்ணன் கையப் பிடிச்சுக்கிறான். எனக்கு உள்ள சிரிப்பு. இனிமே ஒரு பய எங்கிட்ட இந்தப் பழத்த நீட்ட முடியாது. தெய்வமே நடுவுல நிக்கிது."

உள்ளே வந்து கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"அவரு தட்டுல வச்சுக் குடுத்தாரு. நீ கிண்ணத்துல. அவராவது பீச்சுன்னு சொல்லிக் குடுத்தாரு."

மே 22

செத்துப்போன மனிதரைப் பற்றி இப்படிப் பேசலாமா? அவர் திரும்பி வந்து ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியாது என்ற தைரியத்தில்தானே? பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். என்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சின்னக் குழந்தையா? இத்தனை வருஷமாக நான் பார்த்தது எல்லாம் பொய் என்று ஒரு மத்தியானத்தில் வந்து சொன்னால் நான் எதை வைத்துக்கொள்வது?

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

இன்று அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள். மோர் வேண்டுமா என்று கூடக் கேட்டாள். அது பேச்சு இல்லை.

மே 24

அம்மா கம்பத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவளுடைய அக்கா வீட்டுக்கு. லோகு பெரியம்மா பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மே மாதத்தில் அம்மா ஒருநாளும் வீட்டை விட்டுப் போனதில்லை. போக முடிந்ததில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"எப்ப வருவ?"

"பழம் முடிஞ்சதும் வர்றேன்."

"என் மேல கோவமா?"

"ஆமா," என்றாள். ஜன்னலோர சீட்டைத் துடைத்து உட்கார்ந்தாள். "அதுக்காகப் போகல. எனக்குப் போகணும்போல இருந்துச்சு, போறேன். எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு நெனைக்காத."

வண்டி திரும்பும்போது கையசைக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஏதோ பேச ஆரம்பித்துவிட்டாள்.

மே 28

அண்ணன் மதுரையிலிருந்து காரில் வந்தான், அண்ணி ஹேமா இல்லாமல். பின் சீட்டு நிறைய மடித்த அட்டைப்பெட்டி. அப்பா வருஷா வருஷம் பழமும் ஜாமும் அனுப்புகிற வீடுகளுக்கு இந்த வருஷமும் போக வேண்டுமாம்.

"அப்பா பேரு போயிரக் கூடாதுல்ல. அம்மா எங்க?"

"கம்பத்துல. லோகு பெரியம்மா வீட்டுல."

"யாரக் கேட்டுப் போனாங்க?"

திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதையேதான் சொன்னான். கேள்வியில் இருந்த எதுவும் அவன் காதில் விழவில்லை.

"அப்ப ஜாம் யாரு போடுறது? நீ போட்ருவியா?"

"அடுப்பு அங்க இருக்கு. மரம் அங்க இருக்கு. போடு."

"ஏய், வெளையாடாத. ஹேமா வேற லீவு முடியிறதுக்குள்ள புள்ளைங்களோட வர்றேன்னுருக்கா. அம்மா இருந்தாத்தான் சமையலுக்கு..."

"ஹேமாவ இங்க வந்து என்ன செய்யச் சொல்லுவ? அம்மா சமைக்கிறதப் பாக்கவா?"

"ஒனக்கு அப்பா மேல மரியாதையே இல்ல," என்றான்.

நான் அவனை அடிக்கவில்லை. கையில் ஒரு பழம் இருந்தது. அதைச் சுவரில் எறிந்தேன். வெள்ளைச் சுவரில் மஞ்சளாக வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தானே பறித்தான். பெட்டியில் அடுக்கத் தெரியவில்லை. கீழே கனிந்ததையும் மேலே கடினமானதையும் வைத்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மலை இறங்குவதற்குள் பாதி நசுங்கியிருக்கும்.

மே 30

அண்ணன் விட்டுப்போன பழத்தை வீணாக்க வேண்டாம் என்று ஒரு கூடை எடுத்து உரித்தேன். வெந்நீர் போடாமல், அம்மா செய்வதுபோல் கத்தியால்.

கை எரிகிறது. இன்று இவ்வளவுதான் எழுத முடியும்.

மே 31

முழங்கை வரைக்கும் தடித்துவிட்டது. சொறிந்தால் இன்னும் பரவுகிறது. மருந்துக் கடைக்காரர் கையைப் பார்த்தவுடன், "பீச்சஸா?" என்றார். களிம்பை எடுத்துக்கொண்டே, "அம்மாவுக்குத்தான் வருஷா வருஷம் குடுப்பேன். இந்த வருஷம் வரலையேன்னு பாத்தேன்," என்றார்.

கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பாவுக்குத் தெரியாதா? ஒரே வீட்டில், ஒரே அறையில், பக்கத்தில் ஒருத்தி விடிய விடியச் சொறிந்துகொண்டு படுத்திருந்தால் தெரியாதா? தெரிந்திருந்தால் என்ன அர்த்தம்? தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? இரண்டில் எது மோசம் என்று உட்கார்ந்து யோசித்தேன். இரண்டுமே அவருக்குப் பொருந்துகிறது.

ஜூன் 3

அப்பாவின் மேல் கோபப்பட எனக்குப் பழக்கமில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அலமாரியைத் திறந்து பிராந்தி பாட்டிலைத் தொட்டியில் கொட்டினேன். சினிமாவில் செய்வதுபோல் இருந்தது. நாற்றம்தான் மிச்சம். பிறகு அவர் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்று சத்தமாகவே கேட்டேன்.

வெளியே குரங்குகள் மரத்தை உலுக்கிக்கொண்டிருந்தன. விரட்டப் போகவில்லை.

ஜூன் 5

மிச்சமிருந்த பழத்தில் சோர்பே செய்தேன். எனக்கு மட்டும். முட்டை மிதந்தது. சுரண்டிச் சுரண்டி வைத்தேன். பிராந்தி இல்லாததால் கொஞ்சம் இறுக்கம். ஆனால் ருசி இதுவரை வந்ததிலேயே இதுதான் சரி.

எனக்கு இந்தப் பழம் இன்னும் பிடிக்கிறது. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. முதல் கரண்டியில் அந்த மேஜை விளக்கு வருகிறது, கதவு திறக்கிற சத்தம் வருகிறது, தலையில் கை வருகிறது. கைக்குப் பின்னால் சமையலறையில் இன்னொருத்தி இடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தம் எனக்கு அன்றைக்கும் கேட்டிருக்க வேண்டும். சின்ன வீடுதான் இது.

முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டேன்.

ஜூன் 9

அம்மா போன் செய்தாள். பெரியம்மாவோடு சுருளி அருவிக்குப் போனாளாம். சேலையோடு குளித்தாளாம். மத்தியானம் தூங்குகிறாளாம், எழுப்ப ஆள் இல்லாமல் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும்.

"இங்க திராட்ச கொட்டிக் கெடக்கு. ஒங்க பெரியம்மா, இந்தா தின்னுன்னா. எனக்குப் புளிக்குது வேணாம்னேன். சரி போன்னுட்டா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்!" என்றாள். இன்னும் ஆச்சரியம் தீராத குரல்.

நான் சாரி சொல்ல வாயெடுத்தேன். அவள் பெரியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி கதைக்குப் போய்விட்டாள். நடுவில் புகுந்து சொல்லவில்லை.

ஜூன் 13

நேற்றிலிருந்து மழை, நடுவே ஆலங்கட்டி. குரங்கு விட்டுவைத்ததையும் அது உதிர்த்துவிட்டது. காலையில் மழை விட்டதும் மூன்று மரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பழம் இல்லை. கீழே கிடந்ததை வாரிக் குழியில் போட்டு மண் தள்ளினேன். எப்போதும் இதையும் அம்மாதான் செய்திருக்க வேண்டும். நான் பார்த்ததில்லை.

அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டான். அம்மா எப்போது வருகிறாள் என்பதுதான் விஷயம். ஹேமாவும் பிள்ளைகளும் வருகிறார்கள். அத்தையும் கூட வருகிறாளாம். அம்மாவின் போன் எப்போதும் அணைந்தே கிடக்கிறதாம். பெரியம்மா எடுத்து, தூங்குகிறாள் என்று வைத்துவிடுகிறாளாம். நல்லவேளை, பெரியம்மா இருக்கிறாள்.

ஹைதராபாத்திலிருந்து என் ஆராய்ச்சி கைடு கேட்டிருந்தார், எப்போது திரும்புவாய் என்று. இன்னும் கொஞ்ச நாள் ஆகும், வீட்டில் வேலை இருக்கிறது என்று எழுதிப் போட்டேன்.

ஜூன் 16

மத்தியானம் அம்மாவின் போன்.

"ஏண்டி, பழம் முடிஞ்சிருச்சா?"

நான் சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தேன். வெளியே மூன்று மரங்கள். இலை மட்டும், கழுவித் துடைத்ததுபோல.

"இல்லம்மா. இன்னும் நெறையக் கெடக்கு."

"ஆனி பொறந்திருச்சே. இந்நேரம் உதுந்திருக்கணுமே?"

"இந்த வருஷம் லேட்டு. மேல் கெளையில எல்லாம் இப்பத்தான் பழுக்குது."

"மேல் கெளையா?"

"ஆமா. அண்ணனுக்குக் கூட எட்டல."

பின்னால் பெரியம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஃபேன் ஓடும் சத்தம்.

"அப்ப நான் இருந்துட்டு வர்றேன்."

"இரும்மா."

"ஒருத்தியா இருந்துக்கிருவியா?"

"இருந்துக்கிருவேன்."

வைத்த மறு நிமிஷம் அண்ணன் கூப்பிட்டான். எடுத்து அவனிடமும் அதையே சொன்னேன். மரத்தில் பழம் இருக்கிறது, பழம் முடிகிற வரைக்கும் அம்மா வர மாட்டாள் என்று.

"எப்பத்தான் முடியும்?" என்று கத்தினான்.

"தெரியல," என்று நானும் கத்தினேன். "இந்த வருஷம் காய்ச்சுக்கிட்டே இருக்கு."